272 படிகளும் மறுநாள் தொடையும்

தைப்பூசத்துக்கு மறுநாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கு நாற்காலியில் உட்காருவதே ஒரு வேலையாகிவிடும். பத்துமலைக்குப் போய் வந்தவர்களை அடையாளம் காண மொட்டைத் தலையையும் சந்தனத்தையும் தேட வேண்டியதில்லை. அலுவலகத்திலோ ரயில் நிலையத்திலோ அவர்கள் படி இறங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கைப்பிடியை இறுகப் பற்றி, உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு காலாகப் பார்த்து வைப்பார்கள். முட்டிக்கு மேலே முன்தொடை கல்லாய் இறுகிக் கிடக்கும், தொட்டால் சுருக்கென்று வலிக்கும். காரணம் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "அவ்வளவு படி ஏறினோமே, வலிக்காதா?"

வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஏறிய படிகளைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அந்த வலியில் பெரும்பங்கு இறங்கிய படிகள் தந்தது.

கோலாலம்பூரின் கே. தம்புசாமிப் பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்துமலைக் குகையில் முருக வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னாளில் அவை சிமெண்டுப் படிகளாயின. இன்று 272 படிகள். 2006இல் அவற்றின் அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது, 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. படிகள் செங்குத்தானவை, கால் வைக்கும் பலகையும் அகலம் குறைவு. தைப்பூசத்தை ஒட்டி இரவில் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் இருக்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து வருபவர்கள் உண்டு. பால்குடம், காவடி, கரும்புத் தொட்டிலில் குழந்தை என்று சுமையோடு வருபவர்களும் உண்டு. இத்தனை உழைப்பில் எது தசையைப் புண்ணாக்கியது என்று பிரித்துப் பார்க்க, ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு படியின் உயரம் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 272 படிகள் சேர்ந்தால் கிட்டத்தட்ட 49 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் அந்த உயரத்துக்குத் தம்மைத் தூக்கிக்கொண்டு போகச் செய்ய வேண்டிய வேலை சுமார் 29,000 ஜூல், அதாவது 7 உணவுக் கலோரி (கிலோகலோரி). தசை தான் எரிக்கும் எரிபொருளில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உடம்புக்கு மொத்தச் செலவு 28 கலோரி. தேநீரோடு சாப்பிடும் மேரி பிஸ்கட் ஒன்று அதற்குப் போதும். மூச்சு வாங்க, வியர்வை கொட்ட ஏறியதெல்லாம் ஒரு பிஸ்கட்டுக்குத்தானா என்று பக்தர்கள் மனம் நோகக்கூடும், கணக்கு அப்படித்தான் வருகிறது.

இறங்கும்போது அதே 29,000 ஜூல் திரும்பி வருகிறது. உருண்டு விழாமல் நிதானமாக இறங்க வேண்டுமானால் அந்த ஆற்றலை யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். வாங்கிக்கொள்வது முக்கியமாக முன்தொடைத் தசையும் கெண்டைக்கால் சதையும். வலது காலைக் கீழ்ப்படிக்கு நீட்டும் நேரத்தில் உடம்பின் முழுப் பாரமும் மேல்படியில் ஊன்றிய இடது காலில் நிற்கிறது. இடது முட்டி மெல்ல மடங்குகிறது. முட்டி மடங்கினால் முன்தொடைத் தசை நீண்டாக வேண்டும். அதே சமயம் உடம்பு பொத்தென்று விழாமலிருக்க அது இறுக்கிப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். இறுக்கியபடியே இழுபடுவது என்ற இந்த விநோத நிலைதான் இந்த அத்தியாயத்தின் நாயகன், வில்லன் இரண்டும்.

இப்படி இழுபடும் தசைக்கு ஆற்றல் செலவு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. இதை உலகுக்குக் காட்டிய பரிசோதனை 1952இல் லண்டனில் நடந்தது. அபட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையை எதிர்த்து அழுத்தி நிறுத்தப் பார்ப்பார். இருவரின் காலிலும் விழும் விசை ஒன்றே. ஆனால் எதிர்த்து அழுத்தியவர் உட்கொண்ட ஆக்சிஜன் மிதித்தவர் உட்கொண்டதில் ஒரு சிறு பகுதியாகத்தான் இருந்தது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது எதிர்த்து அழுத்திய இளம்பெண் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்க, மிதித்த ஆண் களைத்துப்போனாராம். சபையில் நல்ல சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. எதிர்த்து இழுபடும்போது அதே விசைக்குக் குறைவான தசை நார்களே போதும் என்பதால் உடல் குறைவான நார்களைத்தான் வேலைக்கு அழைக்கிறது. ஆகவே அழைக்கப்பட்ட ஒவ்வொரு நாரின் மீதும் விழும் பாரம் அதிகம். நெஞ்சு படபடக்காது, மூச்சு முட்டாது. குகைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, "ஏறினதுதான் கஷ்டம், இறங்குறது சுலபம்" என்று பேசிக்கொண்டே இறங்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தசைக்கு அடி விழுகிறது.

படிக்கட்டையே ஆய்வுக்கூடமாக்கியவர்களும் உண்டு. 1983இல் லண்டனில் நியூஹாமும் அவர் குழுவினரும் சிலரை ஒரு மேடையில் ஏறி இறங்கச் செய்தார்கள். ஏறுவது எப்போதும் ஒரே காலால். இறங்கும்போது பாரத்தைத் தாங்குவது எப்போதும் மற்றக் கால். ஒரே மனிதர், ஒரே உடல் எடை, ஒரே படி. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. மறுநாள் வலித்தது இறக்கத்தைத் தாங்கிய கால். ஏற்றிவிட்ட காலுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதே காரணத்தால் கோலாலம்பூர் கோபுரத்தின் 2,058 படிகளை ஓடி ஏறும் பந்தயத்துக்கும் சபாவின் கினபாலு மலையேற்றத்துக்கும் மறுநாள் கதை வேறுவேறாகிறது. கோபுரத்தில் ஏறியதோடு பந்தயம் முடிந்துவிடும். கினபாலுவில் 4,095 மீட்டர் உச்சியைப் பார்த்தவர்கள் 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாயிலுக்குக் கால்நடையாகவே இறங்கியாக வேண்டும். அந்த இறக்கம் மட்டும் நம் கணக்கில் 45 பத்துமலை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

முன்தொடைத் தசை நார் ஒன்றை எடுத்து உள்ளே போய்ப் பார்த்தால் நீளவாக்கில் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் எனப்படும் சிறு அறைகளின் தொடர். ஓர் அறையின் நீளம் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். 10 சென்டிமீட்டர் நீள நாரில் இத்தகைய அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக 40,000க்கும் மேல் இருக்கும். அறையின் இரு முனைச் சுவர்களுக்கு இசட் தட்டு என்று பெயர். அவற்றிலிருந்து ஆக்டின் என்ற மெல்லிய புரத இழைகள் உள்நோக்கி நீள்கின்றன. நடுவில் தடித்த மயோசின் இழைகள். மயோசின் தன் ஆயிரக்கணக்கான கைகளால் ஆக்டினைப் பிடித்து நடுவுக்கு இழுக்கும்போது அறை சுருங்குகிறது, அறைகள் சுருங்கத் தசை சுருங்குகிறது. ஏறும்போது நடப்பது இதுதான்.

இறங்கும்போது நடப்பது கயிறு இழுக்கும் போட்டியில் தோற்கும் அணியின் கதை. கயிற்றை விட்டுவிட்டால் கைக்கு ஒன்றும் ஆகாது. விடாமல் பிடித்தபடியே இழுபட்டுப் போனால்தான் உள்ளங்கை உரியும். மயோசின் கைகள் பிடியை விடாமலிருக்க, எதிர்ப்பக்கத்துப் பாரம் அறைகளை வலிய நீட்டுகிறது. 40,000 அறைகளும் சமபலம் உள்ளவையாக இருந்தால் எல்லாம் சமமாக நீண்டு தப்பித்துவிடும். ஆனால் அப்படி இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மோர்கன் 1990இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பலவீனமான அறைகள்தான் முதலில் நீளும். நீண்டுவிட்ட அறையில் ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு குறைவதால் அது இன்னும் பலவீனமாகும், இன்னும் நீளும். கடைசியில் இழைகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு அறை இழுபட்டுவிடும். தசை தளரும்போது பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பும். சில திரும்பாது. சுவரிலிருந்து நடுக்கோடு வரை ஓடும் டைட்டின் என்ற புரதம் மட்டும் அறையை இழுத்துப் பிடித்து வைக்க முயலும். மனித உடலின் மிகப் பெரிய புரதம் இதுவே.

திரும்பாத அறைகள் எப்படியிருக்கும் என்பதை 1981இல் ஸ்வீடனின் யான் ஃப்ரீடன் குழு படம்பிடித்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த பயிற்சி மாடிப்படி இறங்குவதுதான். படி இறங்கி வலி கண்டவர்களின் கெண்டைக்காலிலிருந்து துளித் தசையைக் கிள்ளி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். நேர்கோடாக இருக்க வேண்டிய இசட் தட்டுகள் பல இடங்களில் நெளிந்து, அறைக்குள் பரவி, சில இடங்களில் அறுந்து கிடந்தன. அந்தப் படங்கள் பாடநூல்களில் ஏறின. 'தசைச் சேதம்' என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்தது.

இந்தக் கதை அத்தோடு முடியவில்லை என்பதுதான் சுவாரசியம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஸ்வீடனின் உமியோ நகரில் யூவும் தோர்னெலும் மறுபடியும் ஆட்களைப் படியிறங்கி ஓடச் செய்து, புரதங்களைத் தனித்தனியே சாயமேற்றிப் பார்த்தார்கள். அறைகளைப் பக்கவாட்டில் இணைக்கும் டெஸ்மின் என்ற புரதம் முயல்களின் தசையில் 15 நிமிடங்களுக்குள் காணாமல் போவதாக முன்பு கண்டிருந்தார்கள். படி இறங்கிய மனிதர்களிடம் அது போகவில்லை. இறந்த நார்களும் இல்லை. நெளிந்து பரவிக் கிடந்த இடங்களில் கட்டுமானத்துக்குரிய புரதங்கள் குவிந்திருந்தன, புதிய அறைகள் செருகப்படும் அறிகுறிகள் தெரிந்தன. இடிபாடு என்று முன்பு கருதியவற்றில் பல, வேலை நடந்துகொண்டிருக்கும் கட்டுமானத் தளங்கள் என்று 2004இல் அவர்கள் எழுதினார்கள். பத்துமலை போன்ற உழைப்பில் எவ்வளவு சேதம், எவ்வளவு மறுசீரமைப்பு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆய்வுக்கூடத்தில் முயலின் காலை இயந்திரத்தில் கட்டி இழுத்ததையும் ஒரு மனிதர் தாமாகப் படி இறங்கியதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியது அந்தத் துறையின் அவசரம் என்றே தோன்றுகிறது.

வலிக்கு வருவோம். ஊரில் புழங்கும் விளக்கம் "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்பது. உடற்பயிற்சிக் கூடத்திலும் மருந்துக்கடையிலும் இன்றும் இதைச் சொல்வார்கள். 1983இல் அமெரிக்காவில் ஷ்வேன் என்பவரின் குழு இதை நேரடியாகவே சோதித்தது. சிலரைச் சமதளத்திலும் சரிவில் கீழ்நோக்கியும் ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது இரத்தத்தில் லாக்டேட் ஏறியது, பின்னால் வலி வரவில்லை. சரிவில் ஓடியபோது லாக்டேட் குறிப்பிடும்படி ஏறவே இல்லை, வலி மட்டும் நன்றாக வந்தது. ஏறிய லாக்டேட்டும் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எரிபொருளாகச் செலவழிந்துவிடும். தைப்பூசத்தன்று மதியம் உருவான அமிலம் மறுநாள் காலை வரை தொடையில் காத்திருக்காது.

உண்மையான காரணத்தை 1902லேயே ஒருவர் ஊகித்துவிட்டார். அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப், ஒரே விரலால் எடையை இழுக்கும் கருவியை வைத்துச் சோதனை செய்து, உழைத்த உடனே வரும் களைப்பு வேறு, மறுநாள் வரும் வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவது, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களால் வருவது என்றார். எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறக்கப் பல ஆண்டுகள் இருந்த காலம் அது.

ஆனாலும் ஒரு புதிர் மிச்சம். கிழிசல் இன்று, வலி நாளையா? பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டும் இவ்வலி ஒன்றிலிருந்து மூன்றாம் நாள் வரை உச்சத்தில் நின்று, ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறது. உடைந்த நாருக்கு வலி தெரியாது, ஏனெனில் வலி நரம்பின் முனைகள் நாருக்குள் இல்லை. அவை நார்களுக்கு இடையிலும், தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலும் இருக்கின்றன. ஜப்பானில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு சங்கிலி புலப்பட்டது. இழுபட்ட தசையில் பிராடிகைனின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டுகிறது. அந்தப் புரதம் அருகிலுள்ள வலி நரம்புகளைக் கூர்மையாக்கிவிடுகிறது. புரதம் உருவாக மணிக்கணக்கு ஆகும், தாமதம் அங்கேதான் புகுகிறது. நரம்பு ஒரு முறை கூர்மையாகிவிட்டால் முன்பு வெறும் அழுத்தமாகப் பட்டது இப்போது வலியாகப் படுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் வலி இல்லாமலும், விரலால் அழுத்தினாலும் படி இறங்கினாலும் "அம்மா" என்று வாய்விடும்படியும் இருப்பது இதனால்தான்.

வலியின் அளவைக் கொண்டு சேதத்தை எடைபோட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்றாக வலிக்கும் தசையில் சேதம் சொற்பமாக இருக்கலாம். வலியே இல்லாத நிலையிலும் தசையின் வலு பல நாட்கள் குறைந்திருக்கலாம். மூன்றாம் நாள் வலி போய்விட்டது என்று மீண்டும் மலையேறக் கிளம்புபவரின் முட்டி எதிர்பாராமல் மடங்குவது இந்தக் கணக்கு தெரியாததால்.

பக்தர் வீடு திரும்பிக் குளித்துப் படுக்கும்போதே பழுதுபார்ப்பு தொடங்கிவிட்டிருக்கும். நாரின் சவ்வில் ஏற்பட்ட ஓட்டைகளின் வழியே கால்சியம் உள்ளே கசியும். முதல் வேலை அந்த ஓட்டைகளை அடைப்பது. அது நொடிகளில், நிமிடங்களில் முடிகிறது. அடுத்து நடப்பது அண்மையில்தான் தெரியவந்தது. தசை நார் ஒன்றுக்குள் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் உண்டு, சாதாரணமாக அவை ஓரமாக அசையாமல் இருக்கும். ஸ்பெயின், போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், உழைத்த எலிகளின் நாரில் எங்கே கிழிந்ததோ அந்த இடத்துக்கு அக்கம்பக்கத்து உட்கருக்கள் நகர்ந்து போவதைக் கண்டார்கள். ஓடிய மனிதர்களின் தசையிலும் அதற்கான தடயங்கள் இருந்தன. போனவை அங்கேயே ஆர்.என்.ஏ. செய்திகளை இறக்க, தேவையான புரதங்கள் அந்த இடத்திலேயே தயாராகின்றன. வெளியிலிருந்து எந்த உயிரணுவும் வராமல், நார் தானே தன்னைத் தைத்துக்கொள்கிறது. 272 படிகளின் பழுதில் பெரும்பகுதி இந்த உள்வேலையிலேயே சரியாகிவிடுமென்று கருதலாம்.

பழுது பெரிதானால் வெளியாட்கள் வேண்டும். சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து வரும். அடுத்தடுத்த நாட்களில் மாக்ரோபேஜ் என்ற பெருந்தின்னி உயிரணுக்கள். இவை முதலில் உடைந்த துண்டுகளை விழுங்கிச் சுத்தம் செய்யும், பிறகு குணம் மாறி வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கும். எலிகளில் இவற்றை வரவிடாமல் தடுத்தால் தசை ஒழுங்காக ஆறுவதில்லை. வீக்கம் என்றாலே உடனே அடக்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மாக்ரோபேஜ்கள் யாரைத் தூண்டுகின்றன? 1961இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நாரின் மேற்பரப்பில், சவ்வுக்கும் வெளியுறைக்கும் நடுவே செருகினாற்போல் சின்னஞ்சிறு உயிரணுக்கள் ஒட்டிக்கிடந்தன. சாட்டிலைட் உயிரணு என்று பெயர் வைத்து, தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இவை உதவக்கூடும் என்று சில பக்கக் கட்டுரை ஒன்றில் குறிப்பிட்டார். அந்த ஊகம் அப்படியே பலித்தது. இவை தசையின் குருத்தணுக்கள். அமைதிக் காலத்தில் உறங்கும், நார் காயப்பட்டால் விழித்துப் பெருகும். சில, நாரோடு கலந்து புதிய உட்கருக்களைத் தரும். சில, தங்களுக்குள் கூடிப் புது நாராகும். மீதி, அடுத்த முறைக்காகத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்ளும். வயது ஏற ஏற இவற்றின் எண்ணிக்கையும் விழிக்கும் வேகமும் குறையும். அதனால்தான் ஒரே கடுமையான உழைப்புக்குப் பிறகு பேரனின் தசை முந்தியும் தாத்தாவின் தசை பிந்தியும் தேறுகிறது.

இந்த வேலைக்குக் கல், மணல் எல்லாமே புரதம்தான். கடும் தசை உழைப்புக்குப் பிறகு புரத உற்பத்தி 48 மணி நேரம் வரை வழக்கத்துக்கு மேல் நடப்பதை அளந்திருக்கிறார்கள். விரதம் முடித்தவர்களுக்கு இறைச்சிதான் வேண்டுமென்பதில்லை. பருப்பு, பால், தயிர், தெம்பே, சோயாக் கட்டி எல்லாம் அந்த வேலையைச் செய்யும்.

இனி வைத்தியங்கள். கோலாலம்பூரில் இந்தப் பேச்சு எடுத்தால் யாராவது பிரிக்பீல்ட்ஸுக்குத் திசை காட்டுவார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், பார்வையற்ற உடம்புபிடிப்பவர்களின் நிலையங்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பேர்போன பகுதி அது. உருவிவிட்டால் அமிலம் இறங்கிவிடும் என்பது பொதுநம்பிக்கை. அமிலமே இல்லை என்று பார்த்தோம். ஆனாலும் சுகம் கிடைப்பது பொய்யில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012இல், களைக்கக் களைக்க சைக்கிள் மிதித்த 11 இளைஞர்களின் ஒரு காலை மட்டும் உருவிவிட்டு, இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட்டில் வித்தியாசமில்லை. உருவிவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிந்திருந்தன. பிரிக்பீல்ட்ஸில் கொடுக்கும் காசு வீண் இல்லை, காரணம்தான் வேறு.

கோடாலித் தைலம் போன்றவற்றில் இருக்கும் மெந்தால் தோலின் குளிர் உணரும் நரம்புகளைச் சீண்டி மூளையின் கவனத்தைத் திருப்புகிறது. கிழிந்த சார்கோமியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடலை முறுக்கி நீட்டுவதால் வலி குறைவது 100 புள்ளி அளவுகோலில் சில புள்ளிகள்கூடத் தேறாது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் கால்களை முக்குவது வலியைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் வாரக்கணக்கில் எடைப்பயிற்சி செய்பவர்கள் ஒவ்வொரு தடவையும் அப்படி முக்கினால் தசை வளர்ச்சி குறைவாகவே இருப்பதை ஆஸ்திரேலியாவில் 2015இல் கண்டார்கள். சும்மா படுத்துக் கிடப்பதைவிட மெதுவாக நடமாடுவது நல்லது, அந்த நேரத்துக்காவது வலி விலகும்.

வலிநிவாரணி மாத்திரை விழுங்குமுன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். விடிய விடிய நடந்து, வெயிலில் நின்று, தண்ணீர் சரியாகக் குடிக்காதவருடைய சிறுநீரகத்துக்குச் சில வகை வலிநிவாரணிகள் கூடுதல் சுமை. இதில் அலட்சியம் கூடாத ஓர் அபாயமும் உண்டு. தசை நார்கள் மொத்தமாக உடைந்தால் அவற்றிலுள்ள மயோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். 1941இல், குண்டுவீச்சில் இடிந்த லண்டன் கட்டடங்களுக்கு அடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் விவரித்தபோது இது தெளிவாகப் பதிவானது. இடிபாடு இல்லாமலும், பழக்கமில்லாத உடம்பில் வெப்பத்தோடு கூடிய கடும் உழைப்பு இதை வரவழைக்கும். சாதாரண தசைவலியில் இது வராது. ஆனால் கால் அளவுக்கு மீறி வீங்கி, சிறுநீர் கோப்பி ஓ போலக் கருத்துப் போனால் தைலம் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு முறை இப்படி அடிபட்ட தசை மறுமுறை அதே வேலைக்கு அவ்வளவு வருந்துவதில்லை. முதல் தடவை ஐந்து நாள் வலித்தது இரண்டாம் தடவை இரண்டு நாளில் போகும், வலுவிழப்பும் குறையும். இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கிறது. கசுனோரி நோசாகா குழு முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையில் செய்த சோதனைகளில் ஆறு மாதம் வரைகூட அதன் மிச்சம் தெரிந்தது. தசை நாரில் கூடுதல் சார்கோமியர்கள் தொடராகச் சேர்வது ஒரு காரணம் என்று மோர்கன் தரப்பு நம்பியது. 1994இல் சரிவில் கீழ்நோக்கி ஓடப் பழகிய எலிகளிடம், மேல்நோக்கி ஓடியவற்றைவிட அதிக சார்கோமியர்களைக் கண்டார்கள். அறைகள் கூடினால் ஒவ்வோர் அறையும் நீள வேண்டியது குறையும். நரம்பும் தசை உறையும்கூடத் தங்கள் பங்குக்கு மாறுகின்றன.

தைப்பூசம் ஆண்டுக்கொருமுறை. ஆறு மாதப் பாதுகாப்பு பன்னிரண்டு மாதத்துக்கு எட்டாது, ஆகவே போன வருட வலி இந்த வருடத்துக்கு உதவாது. இதற்குப் பரிகாரம் சுலபம். பூசத்துக்கு மூன்று வாரம் முன்பாக, வாரத்துக்கு இரு முறை ஒரு சில மாடிகள் படியில் இறங்கினாலே போதும். வலி வருமளவுக்குக்கூட வேண்டாம், இலேசான இழுபடலே பாதுகாப்பின் ஒரு பங்கைத் தந்துவிடும். மின்தூக்கி மாதத்துக்கு நான்கு நாள் பழுதாகிக் கிடக்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

இறங்குவதையே மருந்தாக்கிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். தைவானில் உடல் பருமனுள்ள முதிய பெண்கள் 30 பேரை நோசாகாவும் சென்னும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பெண்கள் 12 வாரம், வாரம் இரு முறை மாடிப்படி ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கினார்கள். மற்றவர்கள் மின்தூக்கியில் மேலே போய்ப் படியில் இறங்கினார்கள். படிகளின் எண்ணிக்கையை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். 2017இல் வெளியான முடிவுகளில், தொடை வலு, இரத்த அழுத்தம், இன்சுலின் வேலை செய்யும் திறன், எலும்பின் அடர்த்தி ஆகியவற்றில் அதிகம் தேறியிருந்தது இறங்கிய அணி. ஏறியவர்களைவிட அவர்களுக்கு மூச்சும் குறைவாகவே வாங்கியது.